சொதப்பும் இரண்டாம் பேஸ்மேன்: தூக்குவதா, பொறுப்பதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அணிகள் ஆடும் ஃபேண்டஸி பேஸ்பால் லீக், அதாவது நிஜ வீரர்களை வைத்து அணி அமைத்து, அவர்களுடைய ஆட்ட எண்களுக்குப் புள்ளி வாங்கும் விளையாட்டு. ரோட்டோ முறை (ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி தருவது), பேட்டிங்கிலும் பிட்சிங்கிலும் வழக்கமான ஐந்துக்கு ஐந்து பிரிவுகள். டிராஃப்டில், அதாவது சீசனுக்கு முன் எல்லோரும் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்றாம் சுற்றில் எடுத்த இரண்டாம் பேஸ்மேன் (இரண்டாம் பேஸ் பக்கம் ஃபீல்டிங் செய்பவர்), மே மாதம் பாதி முடிந்த பிறகும் .207 பேட்டிங் ஆவரேஜில் நிற்கிறார். 150 அட் பேட்டில் (வாக் போன்றவை நீங்கலான பேட்டிங் வாய்ப்பு) 31 ஹிட் (அடித்துப் பேஸை அடைந்தது), இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), இரண்டு ஸ்டோலன் பேஸ் (அடி இல்லாமலே ஓடி அடுத்த பேஸைத் திருடியது), 35 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). ஹிட்டை அட் பேட்டால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆவரேஜ். "இவரைத் தூக்கிவிட்டு வேய்வரில் (யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியல்) யாரை எடுக்கலாம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீரரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான். பெயர் தெரிந்துவிட்டால், அந்த வீரர் மீது இருக்கும் பிரியமோ எரிச்சலோ நம் பதிலுக்குள் புகுந்துவிடும்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, மீதியிருக்கும் நான்கரை மாதத்தில் இந்த வீரர் தரப்போவது, இன்று சும்மா கிடைக்கும் வீரர்களில் சிறந்தவர் தரப்போவதைவிடக் குறைவா? இரண்டாவது, இந்த அணிக்கு இப்போது தேவைப்படுவது ஓர் இரண்டாம் பேஸ்மேன்தானா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பல வருடங்களாக இப்படிப்பட்ட லீக்குகளில் ஆடி வருகிறேன், என் வேலையும் புள்ளியியல் சார்ந்தது. நான் பார்த்தவரை, பதில் அதிகமாக இரண்டாவது கேள்வியில்தான் கிடைக்கிறது.

கிரிக்கெட் ஃபேண்டஸி மட்டும் ஆடியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு மேட்சுக்கு ஓர் அணி, அன்றைக்கே முடிவு. இங்கே மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை ஒரே அணியை வைத்து ஓட்ட வேண்டும். நிஜ அணிகள் ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆடும். பேட்டிங்கில் ஐந்து பிரிவுகள்: ஆவரேஜ், ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் எடுக்கவைத்த ரன்), ஸ்டோலன் பேஸ். பிட்சிங்கில், அதாவது பந்து எறிபவர்களுக்கு, இன்னும் ஐந்து. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. ஒரு வீரரை லீக்கில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்கள்தான் வேய்வரில் கிடைப்பவர்கள்.

சரி, முதல் கேள்வி. .207 என்பதைப் பார்த்ததும் வயிறு எரியும், புரிகிறது. ஆனால் அந்த 31 ஹிட்டும் முடிந்துபோன கணக்கு. இவரைத் தூக்கினாலும் அது உங்கள் அணியின் ஆவரேஜை விட்டுப் போகாது. இனி வரப்போகும் சுமார் 400 அட் பேட் மட்டுமே நம் கையில் இருக்கிறது. மூன்றாம் சுற்றில் எடுத்தோமே என்ற ஆதங்கத்துக்கும் இதே பதில்தான், செலவழித்த டிராஃப்ட் தேர்வு திரும்பி வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் சுற்றில் போன வீரர் என்பதற்குப் பின்னால் பல பேருடைய கணிப்பு இருக்கிறது. மார்ச் மாதத்தில் அவ்வளவு பேர் இவரை முதல் 36 வீரர்களுக்குள் வைத்தார்கள் என்றால் அது இவருடைய முந்தைய சில வருட ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஆறு வார ஆட்டம் அந்தத் தகவலை முழுவதும் அழித்துவிடாது. எவ்வளவு அழிக்கும் என்பதுதான் விஷயம்.

இதற்கு ஓரளவு நம்பகமான விடை உண்டு. ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர், ஒரு பேட்டரின் எந்த எண் எத்தனை வாய்ப்புகளுக்குப் பிறகு அர்த்தமுள்ளதாகிறது என்று கணக்கிட்டார். ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்குச் சுமார் 60 பிளேட் அப்பியரன்ஸ் (வாக் உட்பட, பேட் செய்ய வந்த மொத்த முறை) போதும். வாக் (நான்கு மோசமான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) விகிதத்துக்கு 120. ஹோம் ரன் விகிதத்துக்கு 170. பேட்டிங் ஆவரேஜுக்கோ 910 அட் பேட், அதாவது ஒன்றரை சீசனுக்கு மேல். நம்மைப் பதற வைக்கும் எண்தான் இருப்பதிலேயே மெதுவாக நிலைப்படும் எண். இந்த எல்லைகளைத் தாண்டிவிட்டால் எண் உறுதியாகிவிட்டது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன், அது தவறான புரிதல். அந்த இடத்தில் திறமையின் பங்கும் அதிர்ஷ்டத்தின் பங்கும் ஏறக்குறைய சமமாகின்றன, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அதிர்ஷ்டத்தின் கை ஓங்கியிருக்கும், பின்னால் திறமையின் கை.

கேட்டவர் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். 150 அட் பேட்டில் 35 ஸ்ட்ரைக் அவுட்டையும் இரண்டு ஹோம் ரன்னையும் கழித்தால், களத்துக்குள் விழுந்த பந்துகள் 113. அதில் ஹிட் ஆனவை 29, அதாவது .257. இந்த எண்ணைத்தான் பேபிப் என்கிறார்கள். லீக் முழுவதற்கும் இது வருடா வருடம் .290-ஐ ஒட்டியே இருக்கிறது. இவருக்கும் .290 இருந்திருந்தால் அந்த 29 ஹிட் 33 ஆகியிருக்கும், இரண்டு ஹோம் ரன்னையும் சேர்த்து மொத்தம் 35, ஆவரேஜ் .230-ஐத் தாண்டியிருக்கும். நாலு ஹிட். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) பாய்ந்து பிடித்த ஒரு பந்து, சென்டர் ஃபீல்டர் (மைதானத்தின் நடுப்புறத்து எல்லைப் பக்கம் நிற்பவர்) சுவரோரம் பிடித்த ஒரு பந்து, இந்த மாதிரி ஆறு வாரத்தில் நாலு. "தூக்கிவிடலாமா" என்ற கேள்விக்கும் "கொஞ்சம் மந்தமாக ஆரம்பித்திருக்கிறார்" என்ற சமாதானத்துக்கும் இடையே இருப்பது இவ்வளவுதான். ஆனாலும் இதோடு விடமாட்டேன். வேகமாக ஓடுபவருக்கும் பந்தை ஓங்கி அடிப்பவருக்கும் பேபிப் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், எல்லாப் பந்தையும் மேலே தூக்கி அடிப்பவருக்குக் குறைவாக இருக்கும். ஆகவே லீக் சராசரியோடு ஒப்பிடுவதைவிட அவருடைய சொந்தக் கடந்தகாலத்தோடு ஒப்பிடுவது மேல்.

இரண்டாம் பேஸிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மார்கஸ் செமியன் 2021-இல் டொரண்டோவுக்காக 45 ஹோம் ரன் அடித்தார். ஒரு சீசனில் எந்த இரண்டாம் பேஸ்மேனும் அதற்கு முன் அத்தனை அடித்ததில்லை. அடுத்த வருடம் ஏழு வருடத்துக்கு 17.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2022-இன் முதல் ஹோம் ரன் அவருக்கு வந்தது மே 28-ஆம் தேதி. சீசன் தொடங்கி ஏழு வாரமாக ஒன்றுகூட இல்லை. அவரை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இன்னும் மறக்க முடியாது. அந்த சீசன் முடியும்போது அவர் கணக்கில் 26 ஹோம் ரன், 25 ஸ்டோலன் பேஸ். மே 20 வாக்கில் அவரைத் தூக்கியவருக்குக் கெட்ட ஆறு வாரம் மட்டும் கிடைத்தது, எடுத்தவருக்கு நல்ல நான்கு மாதம் கிடைத்தது. 2025-இல் யாங்கீஸின் ஜாஸ் சிஷோம் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மே ஆரம்பத்தில் விலாத் தசையில் காயம்பட்டு வெளியே போனபோது ஆவரேஜ் .180-ஐ ஒட்டி இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே ஏழு ஹோம் ரன் அடித்திருந்தார். ஆவரேஜ் கெட்டிருந்தது, பவர் கெடவில்லை. கடைசியில் 31 ஹோம் ரன், 31 ஸ்டோலன் பேஸ்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா மந்தமான ஆரம்பமும் திரும்பி வருவதில்லை. டிம் ஆண்டர்சன் 2019-இல் .335 அடித்து அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் வென்றவர், 2022 வரை .300-க்குக் குறையாமல் அடித்தவர். 2023-இல் .245-ஆக இறங்கினார், வருடம் முழுக்க ஒரே ஒரு ஹோம் ரன். "இவர் எத்தனை முறை .300 அடித்தவர், வந்துவிடுவார்" என்று காத்திருந்தவர்கள் ஏராளம். அடுத்த வருடம் மயாமியில் .214, ஹோம் ரன் எதுவுமே இல்லை, ஜூலையில் அணியே அவரை விட்டுவிட்டது. செமியனுக்கும் இவருக்கும் இருந்த வித்தியாசம் ஆவரேஜில் தெரியாது. ஆண்டர்சன் அடித்த பந்துகளில் பெரும்பகுதி தரையோடு போய்க்கொண்டிருந்தன. தரையில் உருளும் பந்து ஹோம் ரன் ஆகாது. வேகமும் குறையும் வயதில், அது ஹிட் ஆவதும் குறைந்துகொண்டே போகும்.

அதனால் உங்கள் வீரரை எடைபோட ஆவரேஜை மூடிவைத்துவிட்டு நான் பார்ப்பவை இவை. ஸ்ட்ரைக் அவுட் விகிதம் அவருடைய கடந்த மூன்று வருட அளவிலிருந்து தெளிவாக ஏறியிருக்கிறதா? இதற்கு ஆறு வாரமே போதுமான சாட்சி. பந்தை எவ்வளவு வேகத்தில் அடிக்கிறார்? மணிக்கு 95 மைலுக்கு மேல் பேட்டை விட்டுப் போகும் பந்தை ஹார்ட் ஹிட் என்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் 2015-இலிருந்து ஸ்டேட்காஸ்ட் கேமராக்கள் எல்லா மைதானங்களிலும் எடுத்து, பேஸ்பால் சேவன்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2024-இலிருந்து பேட் சுழற்றும் வேகமும் கிடைக்கிறது. அப்புறம் ஓட்ட வேகம். லீக் சராசரி வினாடிக்கு 27 அடி. 28 ஓடிக்கொண்டிருந்தவர் இந்த வருடம் 27-க்கு இறங்கியிருந்தால் காலில் ஏதோ இருக்கிறது என்று பொருள், ஸ்டோலன் பேஸ் இரண்டுதான் என்பதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். இந்த மூன்றும் பழைய அளவிலேயே இருந்தால் பொறுங்கள். மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் பெயரைப் பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் இறங்கியிருந்தால்? அங்கேதான் யாருக்கும் உறுதியான பதில் கிடையாது. பேட் வேகம் மட்டும் குறைந்திருந்தால் மணிக்கட்டிலோ விலாவிலோ சொல்லப்படாத வலி இருக்கலாம், ஸ்விங்கை வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம், வயதாகவும் இருக்கலாம். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இந்த மூன்றும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். "இவர் எப்போதும் இரண்டாம் பாதி வீரர்" என்பதும் இந்த வகைதான். ஏப்ரல் குளிரில் பந்து குறைந்த தூரமே போகும் என்பது இயற்பியல், எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீரர் இயல்பிலேயே ஜூலையில்தான் விழிப்பவர் என்று சொல்ல நான்கைந்து சீசன் தரவு போதாது. அது உண்மையாகவே இருந்தாலும் தற்செயலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நான் அதற்கு முடிவெடுக்கும் இடத்தைக் கொடுப்பதில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேய்வரில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரண்டாம் பேஸ்மேன், கூடவே மிடில் இன்ஃபீல்டர் இடம் ஒன்று (இரண்டாம் பேஸ்மேனோ ஷார்ட்ஸ்டாப்போ ஆடலாம்). அந்த இடத்தின் பாதியை ஷார்ட்ஸ்டாப்கள் பிடித்தாலும், பதினெட்டு இரண்டாம் பேஸ்மேன்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். நிஜத்தில் இருப்பது முப்பது அணிகள்தான். அவற்றிலும் சில அணிகள் அந்த இடத்தில் இரண்டு பேரை மாற்றி மாற்றி ஆடவைக்கும். ஆக மிச்சம் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஏழாவது எட்டாவது இடத்தில் பேட் செய்பவர்கள். அதே நேரம் அவுட்ஃபீல்டில் (எல்லையை ஒட்டிய பகுதி) ஓர் அணிக்கு மூன்று பேர் ஆடுகிறார்கள், மொத்தம் தொண்ணூறு இடம். உங்கள் லீக்கில் ஆளுக்கு மூன்று அவுட்ஃபீல்டர்தான் என்றால் வேய்வரில் அந்தப் பக்கம் நல்ல கூட்டமே இருக்கும். ஆளுக்கு ஐந்து என்றால் அங்கேயும் வறட்சிதான்.

அப்படியானால் ஆள் நிறைய இருக்கும் பக்கத்தில் தேடி, அணிக்குள் இடம் மாற்றிக்கொள்வது நல்லது. உங்கள் மூன்றாம் பேஸ்மேனுக்கோ ஓர் அவுட்ஃபீல்டருக்கோ இரண்டாம் பேஸ் தகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் டாட்ஜர்ஸ் மூக்கி பெட்ஸை அவுட்ஃபீல்டிலிருந்து அடிக்கடி இரண்டாம் பேஸுக்கு நகர்த்தியது. 39 ஹோம் ரன் அடித்த ஒருவர் திடீரென்று நல்ல ஆள் குறைந்த இடத்துக்கு வந்துவிட்டார். அவரை வைத்திருந்தவர்கள் இரண்டாம் பேஸ்மேனைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, ஓர் அவுட்ஃபீல்டரை எடுத்தால் போதுமாக இருந்தது. யாஹூவில் ஒரு வீரர் ஓர் இடத்தில் ஐந்து ஆட்டம் தொடக்கத்திலிருந்தே ஆடினாலோ பத்து ஆட்டத்தில் களமிறங்கினாலோ அந்தத் தகுதி கிடைத்துவிடும். மற்ற தளங்களில் விதி வேறு, உங்கள் லீக் அமைப்பில் எழுதியிருக்கும். நான்கு ஆட்டம் ஆடிவிட்டு ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் வீரரை ஒரு வாரம் முன்னதாகவே எடுத்துவைப்பது, இந்த ஆட்டத்தில் பெரிய செலவில்லாமல் கிடைக்கும் சில லாபங்களில் ஒன்று.

அடுத்து, புள்ளிப் பட்டியல். வெறும் ஆவரேஜுக்காக ஆள் மாற்ற நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். மீதி 400 அட் பேட்டில் ஒருவர் .265, இன்னொருவர் .250 அடிப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஆறு ஹிட். உங்கள் அணியின் எல்லா பேட்டர்களும் சேர்ந்து வருடத்துக்கு 7,000 அட் பேட் வாக்கில் ஆடுவார்கள். ஆறு ஹிட் அதில் .001-க்கும் குறைவு. ஆவரேஜில் நெருக்கமாக நிற்கும் லீக்கில் ஒரு புள்ளி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவே பன்னிரண்டு ஸ்டோலன் பேஸ் என்றால்? உங்களுக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று அணிகள் பத்து ஸ்டோலன் பேஸ் வித்தியாசத்துக்குள் இருந்தால் அவற்றை அப்படியே தாண்டிவிடலாம். எந்தப் பிரிவில் அணிகள் கொத்தாக நிற்கின்றனவோ, அங்கே கொஞ்சம் கூட்டினாலே புள்ளி ஏறும். எந்தப் பிரிவில் நீங்கள் தனியாக முன்னாலோ பின்னாலோ நிற்கிறீர்களோ, அங்கே எவ்வளவு சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை. எனக்கு ஆட்சேபணை இருப்பது இதில்தான். "இரண்டாம் பேஸில் யார் நல்லவர்" என்று பட்டியல் போடும் எந்தப் பதிலுக்கும் உங்கள் லீக்கின் பட்டியல் தெரியாது. அந்தப் பட்டியலில் ஹோம் ரன்னில் எட்டு வித்தியாசத்துக்குள் மூன்று அணிகள் நிற்கின்றனவா, ஸ்டோலன் பேஸில் நிற்கின்றனவா என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டிய ஆள் முழுவதுமாக மாறிவிடுவார்.

ஸ்டோலன் பேஸ் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். 2023-இல் பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், பிட்சர் பேஸ் பக்கம் திரும்பி எறிவதற்கும் வரம்பு வந்தது. அதற்கு முந்தைய வருடம் 2,486-ஆக இருந்த மொத்த ஸ்டோலன் பேஸ் அந்த வருடம் 3,503 ஆனது. நாற்பது சதவீத உயர்வு. அதனால் பழைய ஞாபகத்தில் "இருபது ஸ்டோலன் பேஸ் வந்தால் போதும்" என்று நினைத்தால் பட்டியலில் கீழேதான் இருப்பீர்கள். இன்னொரு பக்கம், மலிவாகக் கிடைக்கும் வேகமும் கூடியிருக்கிறது. 2023-இல் .218 அடித்த மில்வாக்கியின் பிரைஸ் டுராங்கை 2024 டிராஃப்டில் பலர் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வருடம் அவர் 50 பேஸ் திருடினார். ஹோம் ரன் ஏழுதான். ஸ்டோலன் பேஸில் பின்தங்கிய அணிக்கு அவர் தங்கம், ஹோம் ரன் தேவைப்பட்ட அணிக்கு அவரால் பெரிய உபயோகம் இல்லை.

வேய்வரில் ஆள் பார்க்கும்போது திறமைக்கு முன்னால் நான் பார்ப்பது விளையாடும் வாய்ப்பு. தினமும் ஆடும் சுமாரான வீரர், வாரத்துக்கு நான்கு நாள் ஆடும் நல்ல வீரரை ரன்னிலும் ஆர்பிஐயிலும் முந்திவிடுவார். கடந்த இரண்டு வாரத்தின் லைன் அப்பை (அன்றன்று ஆடுபவர்களின் பேட்டிங் வரிசை) எடுத்துப் பாருங்கள். இடது கை பிட்சர் வந்த நாட்களில் அவர் உட்காரவைக்கப்பட்டாரா? எந்த இடத்தில் பேட் செய்கிறார்? லைன் அப்பில் ஓர் இடம் கீழே போனால் சீசனுக்குப் பதினேழு பதினெட்டு வாய்ப்பு குறையும், ஒன்றாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் இடையே நூற்றுக்கு மேல் வித்தியாசம் வரும். எட்டிலிருந்து ஒன்று அல்லது இரண்டுக்கு ஏறிய வீரரைக் கண்டால் அவருடைய ஆவரேஜ் சுமாராக இருந்தாலும் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். மேனேஜர் பேட்டியில் சொல்வதைவிட அவர் எழுதிக் கொடுக்கும் லைன் அப் உண்மையைச் சொல்லும்.

வேய்வரில் ஆளை இழுக்கும் இரண்டு வகை வீரர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். ஒன்று, இப்போதுதான் மைனர் லீக்கிலிருந்து (இளம் வீரர்கள் தேறும் கீழ்நிலை லீக்) மேலே அழைக்கப்பட்ட இளம் நட்சத்திரம். ஜாக்சன் ஹாலிடே நிஜ அணிகளின் 2022 டிராஃப்டில் முதல் தேர்வு, 2024-இல் மைனர் லீக் வீரர்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டவர், பால்டிமோர் இரண்டாம் பேஸுக்கே அவரை அழைத்தது. முதல் பத்து ஆட்டத்தில் 34 அட் பேட்டில் இரண்டு ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட், திரும்ப மைனருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் திறமைசாலி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, 2025-இல் 17 ஹோம் ரன் அடித்துக் காட்டினார். ஆனால் அந்த ஏப்ரலில் அவருக்காக வேய்வர் பணத்தில் (வேய்வர் வீரர்களை ஏலத்தில் எடுக்க ஒவ்வொருவருக்கும் உள்ள பட்ஜெட்) பாதியைக் கொட்டியவருக்கு அது உதவவில்லை. இரண்டாவது வகை, இரண்டு வாரமாகக் கொளுத்திக்கொண்டிருப்பவர். டொரண்டோவின் டேவிஸ் ஷ்னைடர் 2023 ஆகஸ்டில் வந்து 35 ஆட்டத்தில் எட்டு ஹோம் ரன், .276 ஆவரேஜ். அடுத்த வருடம் .191. உங்கள் வீரரின் ஆறு வாரச் சரிவை நம்பக் கூடாது என்றால், வேய்வர் வீரரின் இரண்டு வார ஏற்றத்தை அதைவிடக் குறைவாகத்தான் நம்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்.

இருவரையும் நேர்மையாக ஒப்பிட எளிய வழி, சீசனின் மீதிக்கான கணிப்புகள். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஸிப்ஸ், ஸ்டீமர் போன்ற கணிப்புகள் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் டாம் டாங்கோ உருவாக்கிய மார்செல் முறையைப் பாருங்கள். கடந்த மூன்று வருடங்களுக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எடை கொடுத்து, லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்து, வயதுக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். மற்ற கணிப்புகளின் அடித்தளமும் இந்த எண்ணம்தான். ஒட்டுமொத்தமாக எடுத்தால் இவை நம் உள்ளுணர்வைவிட நன்றாகவே சொல்கின்றன. தனி ஒரு வீரரிடம் வரும்போது தவறும் தூரம் பெரிது. ஆகவே கணிப்பில் இருவருக்கும் இடையே மூன்று ஹோம் ரன், பத்து ரன்தான் வித்தியாசம் என்றால் அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது பட்டியலில் உங்களுக்குத் தேவைப்படும் பிரிவைப் பார்த்து முடிவெடுங்கள். பன்னிரண்டு ஹோம் ரன் வித்தியாசம் என்றால் அது வேறு பேச்சு.

தினமும் லைன் அப் மாற்ற அனுமதிக்கும் லீக் என்றால் இன்னொரு வழியும் உண்டு. வலது கை பிட்சர் வரும்போது மட்டும் ஆடும் இடது கை பேட்டரை எடுத்து, உங்கள் வீரரோடு மாற்றி மாற்றி இறக்கலாம். இடது கை பேட்டர்கள் வலது கை பிட்சர்களை நன்றாக அடிப்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தி வந்திருக்கும் உண்மை. கொலராடோ சொந்த மைதானத்தில் ஆறு ஆட்டம் ஆடும் வாரத்தில் அந்த அணியின் பேட்டரை ஒரு வாரத்துக்கு மட்டும் எடுப்பதும் பழைய உத்தி. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு, பந்து தூரம் போகும், மைதானமும் அகலமானது என்பதால் ஹிட்டும் அதிகம். அடுத்த வாரம் அவர்கள் வெளியூர் போனதும் விட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்ற லீக்கில் முதல் வழி வேலைக்கு ஆகாது.

இத்தனைக்குப் பிறகு கேட்டவருக்கு என் நேரடியான பதில். 150 அட் பேட்டில் 35 ஸ்ட்ரைக் அவுட் என்பது இந்தக் காலத்து பேஸ்பாலில் சாதாரண அளவு. அந்த ஓர் எண் மட்டும் பார்த்தால் இவர் உடைந்துபோன வீரராகத் தெரியவில்லை. பந்தின் வேகமும் கால் வேகமும் பழைய அளவில் இருக்கின்றன என்று சேவன்டில் தெரிந்தால் இவரைத் தூக்காதீர்கள். உங்களுக்கு நிச்சயம் இன்னோர் ஆள் வேண்டும். அவருக்கு இடம் கொடுக்க வெளியே போக வேண்டியவர் பெரும்பாலும் இரண்டாம் பேஸ்மேனாக இருக்க மாட்டார். உங்கள் பென்ச்சின் கடைசியில், "பார்க்கலாம்" என்று மார்ச்சில் எடுத்து இன்றுவரை ஒரு வாரம்கூட இறக்காத ஒருவர் இருப்பார். அவரைத் தூக்குங்கள். புதியவரை இரண்டாம் பேஸிலோ, இடம் மாற்றி வேறெங்கோ ஆடவையுங்கள், பழையவர் இரண்டு மூன்று வாரம் பென்ச்சில் உட்காரட்டும்.

மாறாக, வேகம் இரண்டிலும் சரிவு தெரிந்து, அவருடைய அணியும் அவரை ஆறு ஏழாம் இடத்துக்கு இறக்கிவிட்டது என்றால் அப்போதும் முதல் வேலை ட்ரேட் (இன்னோர் அணியோடு வீரரை மாற்றிக்கொள்வது) கேட்பது. மூன்றாம் சுற்றுப் பெயருக்கு மே மாதத்தில் இன்னும் மதிப்பு இருக்கும், ஜூலையில் இருக்காது. மிடில் இன்ஃபீல்ட் மெலிந்த அணி எது என்று பார்த்து, அவர்களிடம் இருக்கும் பெயரில்லாத, தினமும் ஆடும் ஒருவரைக் கேளுங்கள். யாரும் மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேய்வரில் மூடிய ஏலம் (மற்றவர்கள் கேட்ட தொகை தெரியாமல் கேட்பது) என்றால், நூறு டாலர் பட்ஜெட்டில் தினமும் ஆடும் இரண்டாம் பேஸ்மேனுக்கு எட்டிலிருந்து பதினைந்து வரை நான் கேட்பேன். இது என் லீக்குகளில் பார்த்த பழக்கத்தை வைத்துச் சொல்வது, உங்கள் லீக்கில் இதுவரை போன ஏலத் தொகைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மே நடுவில் எடுக்கும் ஆள் சீசனில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட உங்களுக்காக ஆடுவார். அதே ஆளை ஆகஸ்டில் எடுத்தால் ஆறேழு வாரம்தான். ஆகவே இந்த ஏலத்தில் இரண்டு டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை. ஏலம் முடிவதற்கு முன்னால் அவர் அன்றைய லைன் அப்பில் இருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆட்டத்தில் நடுவிலேயே வெளியேறிய வீரர்மீது பணம் கட்டி, மறுநாள் அவர் காயப் பட்டியலில் சேர்வதைப் பார்ப்பது பல பேருக்கு நடந்திருக்கிறது.